தொழுவத்தை ஒட்டிய வைக்கோல்

தீயணைப்பு நிலையத்தில் அந்த வண்டி ஓட்டுநருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். ஆள் அவ்வளவு நிதானம். அழைப்பு வந்தால் மட்டும் கால் தரையில் பாவாது. மற்றபடி ஒரு தம்ளர் டீயை ஆறி அவலாகும்வரை ஊதிக்கொண்டிருப்பார்.

இரண்டு வருஷமாக மழை இல்லை. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரைப் புல்லெல்லாம் காய்ந்து சருகாகிவிட்டது. நிலையத்துக் கிணறும் கைவிரித்துவிட, வண்டித் தொட்டி பாதி நிறைந்தாலே பெரிய காரியம். வீட்டைச் சுற்றிக் காய்ந்ததை அகற்றுங்கள், வாளியில் மண் நிரப்பி வையுங்கள் என்று தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிவந்தார். ஊர் கேட்டது. அக்கா கேட்கவில்லை.

தாயில்லாத வீட்டில் அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அக்கா. புருஷன் போன பிறகு மூன்று மாடுகள்தான் அவளுக்கு எல்லாம். பஞ்சம் வரும் என்று முன்னாலேயே யோசித்து, எங்கெங்கோ அலைந்து வைக்கோல் சேர்த்து, தொழுவத்தை ஒட்டியே போர் போட்டிருந்தாள்.

"தள்ளிப் போடுக்கா. ஒரு பொறி போதும்."

"தள்ளிப் போட்டா ஆளுக்கு ஒரு கட்டு தூக்கிட்டுப் போயிடுவாங்க. நெருப்பு வருமோ வராதோ, பசி கண்டிப்பா வரும்டா."

"ஞாயித்துக்கிழமை வந்து வேலி கட்டித் தர்றேன். அப்புறம் மாத்திக்கலாம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மறுநாள் நண்பகலில் ஏரிப்புல் பற்றிக்கொண்டது. ஏரிக்கரையை ஒட்டிய அக்கா வீட்டில் வண்டி போய் நின்றபோது போர் கொழுந்துவிட்டு எரிந்தது. தொழுவத்துக் கூரையிலும் தீ. அடுத்து, சுவரோடு சுவராக வீடுகள். உள்ளே ஆட்கள். இருந்த தண்ணீர் ஒரு பக்கத்துக்குத்தான் காணும். அதிகாரி வேறொரு தீக்குப் போயிருந்தார்.

"எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டார் குழாயைப் பிடித்திருந்தவர்.

"வீடுங்க பக்கம்" என்றார் அவசரம். அக்கா நின்ற திசையை அவர் பார்க்கவில்லை.

வீடுகள் தப்பின. அக்கா உள்ளே பாய்ந்து ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டாள். மற்ற இரண்டும் கத்திக் கத்தி அடங்கின. அவள் கைகள் வெந்துபோயின.

ஆஸ்பத்திரியில் ரொட்டியை டீயில் நனைத்து அவளுக்கு ஊட்டினார்.

"ஞாயித்துக்கிழமை வந்திருக்கணும்க்கா."

"வேலைன்னா நீ என்ன பண்ணுவ." சற்று மென்றுவிட்டுச் சொன்னாள்: "நீ செஞ்சது சரிதான். பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்கு. ஆனா அதுங்க ரெண்டும் என்னையே கூப்பிட்ட மாதிரி இருந்துச்சுடா."

அடுத்த துண்டை அவர் நனைக்கும்போது டீ அவள் மடியில் சிந்தியது.

எஞ்சிய மாட்டுக்குத் தீனி இல்லை. விற்றுவிடச் சொன்னாள், சந்தைக்கு அவர்தான் ஓட்டிப்போனார்.

அடுத்த வருஷம் மழை வந்தது. அக்கா இப்போது அவர் வீட்டில் இருக்கிறாள். விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. நாத்தனார் என்ற உரிமையோடு அவர் மனைவியை அதட்டுகிறாள், டிவி பார்த்துச் சிரிக்கவும் செய்கிறாள். ஒரு கன்று வாங்கலாமா என்று அவர் கேட்டால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.