அக்காவின் நோகாத காயம்

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி நான்தான் எழுதவேண்டும் என்று தம்பி சொன்னான். கடைசிவரை அவருடன் ஒரே வீட்டில் இருந்தவள் நான். அழுகை இன்னும் வரவில்லை. பார்க்க வருகிற உறவுகள் அதைக் கண்டு கவலைப்படுகிறார்கள். வரும்போது வரட்டும். நடந்ததை நடந்தபடி எழுத இப்போது என்னால் முடிகிறது.

அக்கா கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். வீட்டில் அக்கா மூத்தவர், அடுத்தது நான், கடைசி தம்பி. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தது. பாடசாலை ஒன்றில் இருந்த அகதி முகாமிலிருந்து நாங்கள் வெளியே வந்தபோது அப்பா அதிகம் பேசாத மனிதராகியிருந்தார். வேலைக்கு அவர் திரும்பவில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அக்கா, வெள்ளவத்தையில் காலி வீதிப் புடவைக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பக்கத்திலேயே ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்து எல்லோரையும் கூட்டிவந்தார். தம்பி படித்து வெளிநாடு போனதும், நான் ஆசிரியையானதும், அம்மாவும் அப்பாவும் கடைசிக் காலத்தில் குறையில்லாமல் இருந்ததும் அந்த உழைப்பில்தான். அவருக்கும் ஒரு சம்பந்தம் பேசி வந்தது. “தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்” என்றார். பிறகு ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

புடவைக் கடை வேலை நிற்கிற வேலை. வெள்ளை விரிப்பின் மேல் செருப்பில்லாமல் நின்று, சேலையை உதறி விரித்து, தன் தோளில் போட்டுக் காட்டவேண்டும். கலியாணக் கூறைச் சேலை எடுக்க வரும் குடும்பங்கள் அக்காவைத்தான் தேடும். மணப்பெண் வாய் திறக்காமல் நின்றாலும், அவள் கண் எந்தச் சேலைக்குத் திரும்பத் திரும்பப் போகிறது என்று கவனித்து, தாயிடம் அதையே எடுத்து நீட்டுவார். மாலையில் வீட்டுக்கு வந்ததும் கால் உளைகிறது என்று சுடுதண்ணீரில் கால் வைத்துக்கொண்டு இருப்பார்.

நாற்பது வயது கடந்ததும் நீரிழிவு வந்தது. மருந்துக் குளிசை போட்டார், கடையில் வேலை கூடிய நாட்களில் மறந்தும் போவார். சில ஆண்டுகளின் பின் கால் உளைவு தானாகவே நின்றது.

“இப்ப உளைவே இல்லையடி. கால் பழகிப்போச்சு. பஞ்சில மிதிக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் வீடு கூட்டும்போது தரையில் ஈரமாக ஒரு கறை இருந்தது. குங்குமம் கொட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அவை அக்காவின் கட்டில்வரை போயின.

“அக்கா, காலைக் காட்டுங்கோ.”

“ஒண்டுமில்லை. எனக்கு நோகேல்லயே.”

பெருவிரலுக்குக் கீழே தோல் காய்த்துத் தடித்திருந்தது. நடுவில் ஒரு சிறு துளை, அதைச் சுற்றி வெள்ளை விளிம்பு. விரல் சிவந்து வீங்கியிருந்தது. கை வைத்துப் பார்த்தேன், மற்றக் காலைவிடச் சூடாக இருந்தது. நாற்றமும் இருந்தது. தீபாவளி வியாபாரம் முடியட்டும், பிறகு போவோம் என்றார். மறுநாள் காலையில் முச்சக்கரவண்டி பிடித்து நானே கூட்டிப்போனேன். எங்கள் குடும்ப டொக்டர் பார்த்ததும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தவர் இளம் பெண் டொக்டர், சிங்களவர். தமிழ் ஓரளவு பேசினார். கையில் மெல்லிய நைலோன் நூல் ஒன்று வைத்திருந்தார்.

“அக்கே, கண் மூடுங்க. கால்ல நான் தொடுற நேரம் ஓம் சொல்லுங்க.”

அக்கா கண்ணை மூடிக் காத்திருந்தார். டொக்டர் ஒரு பாதத்தில் பல இடங்களில் நூலை ஊன்றினார், பிறகு மற்றப் பாதத்தில். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. டொக்டர் நூலை மேசையில் வைத்த பிறகு அக்கா கண் திறக்காமலே என் பக்கம் திரும்பி, “இன்னும் தொடங்கேல்லையா?” என்று கேட்டார்.

எக்ஸ்ரேயில் ஒரு குண்டூசி தெரிந்தது. சேலைக்குக் குத்துகிற ஊசி. எத்தனை நாள் அதன் மேல் நின்று சேலை காட்டினாரோ தெரியாது. கிருமி எலும்புவரை போயிருந்தது.

“நோவு இருந்தா அண்டைக்கே வந்திருப்பீங்க” என்றார் டொக்டர். “சீனி நரம்பைக் கெடுத்திருக்கு. நோவு இல்ல. அதுதான் வருத்தம்.”

காலுக்கு இரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்த்தார்கள். பெருவிரலை எடுத்தார்கள். இறந்த சதையை வெட்டிச் சுத்தம் செய்து, கிருமிக்கு மருந்து ஏற்றி, சீனிக்கு இன்சுலின் தொடங்கினார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டு, அந்தக் காலில் பாரம் வைக்கவே கூடாது என்றார்கள். அக்காவுக்கு எல்லாவற்றிலும் கடினமானது அதுதான். எழும்பாமல் இருக்க அவருக்குத் தெரியாது. நான் பாடசாலை போனதும் குசினிக்குப் போய்ச் சமைத்து வைப்பார். கேட்டால், “குதியாலதான் நடந்தனான்” என்பார். புண் ஆறவில்லை.

அடுத்தமுறை டொக்டர் ஏசவில்லை. மாவுக்கட்டின் அடியைத் திருப்பி அக்காவுக்குக் காட்டினார். அது தேய்ந்து, கறுத்து, ஓரத்தில் மஞ்சள்தூள் ஒட்டியிருந்தது.

“அக்கே, மருந்து நான் தரலாம். நடக்காம இருக்கிறது நீங்கதான் செய்யணும். இனியும் நடந்தா அடுத்தது விரல் இல்ல, கால்.”

வீட்டு வாசலில் வண்டியால் இறங்கியதும் அக்கா, “அந்தக் கதிரையைக் குசினிக்குள்ள போடு. இருந்துகொண்டு சொல்லுறன், நீ சமை” என்றார். அதன்பின் நடக்கவில்லை. மாதங்கள் சென்று புண் மூடியது. கால் தப்பியது.

பிறகு மிருதுவான அடிப்பாகம் கொண்ட சப்பாத்தில் கடைக்குப் போனார். முதலாளி ஒரு கதிரை கொடுத்தார். விரிப்பில் ஏறும் கடைப் பிள்ளைகள் எல்லோரையும் அக்கா செருப்புப் போடவைத்தார். விரிப்பை உதறி ஊசி பொறுக்காமல் கடை திறக்க விடமாட்டார். வீட்டில் சுடுதண்ணீரில் கால் வைப்பது நின்றது. தினமும் விளக்கேற்றிய பிறகு நான் அவர் உள்ளங்காலைப் பார்ப்பேன். வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் ஏதும் உண்டா என்று விரல் இடுக்குவரை பார்த்துவிட்டு “சரி” என்பேன். காலை இழுத்துக்கொள்வார். அந்த நேரம் வந்தால் இப்போது நான் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன்.

அக்காவின் கால் கடைசிவரை நன்றாகவே இருந்தது. சிறுநீரகம்தான் பழுதடைந்தது, பிறகு இதயம். அன்று காலை தேத்தண்ணி கேட்டார். ஊற்றிக்கொண்டு வந்தபோது அவர் இல்லை. கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பக்கத்து வீட்டு அன்ரி வந்து என் கையிலிருந்து வாங்கினார்.

அந்த அன்ரிக்கும், மூன்று நேரமும் உணவு கொண்டுவந்த எதிரே உள்ள மாடிக்குடியிருப்பு அயலவர்களுக்கும், அக்காவின் காலைக் காப்பாற்றித் தந்த டொக்டருக்கும் தாதியர்களுக்கும், கடையை மூடிவிட்டு வந்து நின்ற முதலாளிக்கும் பிள்ளைகளுக்கும், கிரியைகளை நடத்தித் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்லவேண்டும். உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் தொப்பி அணிந்த ஒரு முஸ்லிம் பெரியவர் வந்து அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

“நான் மாளிகாவத்த. மகள்ட கலியாணத்துக்கு உடுப்பு எடுக்க ஒங்கட அக்காட கடைக்கு வந்த. பொம்புளயள் பாக்கிற நேரம் நான் செருப்பக் கழட்டிட்டு இருந்த. ‘குதியில கறுத்திருக்கே, நோகுதா’ண்டு ஒங்கட அக்கா கேட்டாங்க. இல்லண்டு சொன்ன. ‘நோகாட்டித்தான் பயம். இண்டைக்கே டொக்டர்ட்ட போங்க’ண்டாங்க. எனக்குக் கோவம் வந்த. ஆனா டொக்டர்ட்ட போய்க் காட்டினா உள்ளுக்குச் சீழ். இன்னும் பிந்தினா காலையே எடுத்திருப்பாங்களாம்.”

அக்கா இதை எங்களிடம் சொன்னதேயில்லை. நான் அந்தப் பெரியவரின் கால்களைப் பார்த்தேன். இரண்டும் சப்பாத்துக்குள் இருந்தன.

அவர் போனபிறகுதான் பெயரைக் கேட்கவில்லை என்று தெரிந்தது. மாளிகாவத்தையில் அவரைத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அவருக்குரிய நினைவு மலர் எங்கள் வீட்டில் இருக்கிறது.