கல்யாணப் பத்திரிகைக் கடையில் என் வலது கை

‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்று எழுதியிருந்த பஸ் ஜன்னலுக்கு நேர்கீழேதான் நான் உட்கார்ந்திருந்தேன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு, காலேஜ் விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அம்பாசமுத்திரம் தாண்டியதும் சாரல் அடித்தது. அதைப் பிடிக்கக் கையை வெளியே நீட்டினேன். எதிரே செங்கல் லாரி வந்தது.

முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை மிச்சம் வைத்தார்கள். மூட்டு தப்பித்தது அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். அந்த அதிர்ஷ்டத்தை வைத்துக்கொண்டு பல மாதங்கள் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். வலது கையாகப் போய்விட்டதே என்றார்கள். இடது கை என்றால் பரவாயில்லை போல.

கடைசி வருடப் படிப்பு பாக்கி இருந்தது. அப்பா நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். “படிச்சது போதும். இங்கன இருக்கட்டும். கையில்லாத பிள்ளையை வெளியூர்ல விட்டுட்டு நான் எப்படித் தூங்க?” என்றார். அம்மா பைய, “ஒரு வருசம்லா, முடிச்சிரட்டும்” என்று இழுத்தாள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்பம் அவளே சம்பாதிச்சுப் படிக்கட்டும். நான் இனி ஒண்ணும் குடுக்க மாட்டேன்” என்றார். நடக்காது என்ற தைரியத்தில் விட்ட வார்த்தை அது. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேலை கிடைத்தால் காலேஜ், கிடைக்காவிட்டால் மோட்டுவளை. அவ்வளவுதான் கணக்கு.

அம்மா ரகசியமாகக் கொடுத்த பணத்தில் விடுதிக்குத் திரும்பினேன். அது தீருவதற்குள் என்று, வகுப்பு முடிந்த பிறகு சாயங்காலங்களில் வேலை தேடினேன். ஜவுளிக் கடையில், “சேலையை விரிச்சுக் காட்ட ரெண்டு கை வேணும்லா?” என்றார்கள். நியாயம்தான். மருந்துக் கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், இடது கையால் மாத்திரை கொடுத்தால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றார். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் டியூஷன் கிடைத்தது. பையன் நன்றாகத்தான் படித்தான். அவனுடைய அம்மாதான் ஒருநாள் வாசலிலேயே நிறுத்தி, “பிள்ளை ராத்திரி பயந்து முழிக்கான்ம்மா, தப்பா நினைக்காதே” என்றாள். பயந்தது பிள்ளை இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசியில் டவுனில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடை. முன்பக்கம் மாதிரிப் பத்திரிகைகள் அடுக்கிய மேஜை, நடுவில் பலகைத் தடுப்பு, அதற்குப் பின்னால் கம்ப்யூட்டரும் அச்சு மிஷினும். கடைக்கார அண்ணாச்சி பழைய பத்திரிகை ஒன்றைக் கொடுத்து அடித்துக் காட்டச் சொன்னார். ஒற்றைக் கையால் அடித்தேன். பிழை இல்லை. நான் வேகமாகவே அடிப்பேன், கை போனபிறகு எனக்கு வேறு வேலையே இருக்கவில்லை.

“நல்லாத்தான் அடிக்க, தாயி” என்றார். பிறகு என் சுடிதாரின் காலிக் கையைப் பார்த்தார். “ஆனா இது மங்கள காரியம். வாரவங்க ஒரு மாதிரிப் பாப்பாவ. முகாம்ல ரப்பர் கை குடுப்பாவளே, உனக்குக் குடுக்கலையா?”

கொடுத்திருந்தார்கள். பெட்டியிலேயே கிடந்தது. என் நிறத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத வெளுப்பு. அந்தக் கைக்கு மட்டும் தனியாக வரன் பார்த்தால் நல்ல இடம் அமைந்திருக்கும். விரல்கள் லேசாக மடங்கி, எதையோ வாங்கிக்கொள்ளப் போவதுபோல இருக்கும். எதையும் வாங்காது. வியர்த்தால் உள்ளே புண்ணாகும். மறுநாள் அதை மாட்டிக்கொண்டு போனேன். அண்ணாச்சிக்குத் திருப்தி.

ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. முன்னால் யாராவது வந்தால் ரப்பர் கை. தடுப்புக்குப் பின்னால் போனதும் அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுவேன். மொட்டைக் கையால் பத்திரிகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் மடிப்பேன், உறையில் போடுவேன், கட்டுவேன். உண்மையில் வேலை செய்தது மொட்டைக் கைதான். ரப்பர் கை மாப்பிள்ளை மாதிரி சும்மா வந்து நின்றது.

அச்சான பத்திரிகைகளை நல்ல நேரம் பார்த்துத்தான் வாங்கிப்போவார்கள். பெண் வீட்டிலிருந்து தாம்பாளம் கொண்டு வருவார்கள். அண்ணாச்சி முதல் கட்டுக்கு மஞ்சள் தடவி அதில் வைத்து இரண்டு கையாலும் எடுத்துக் கொடுப்பார். நேரே கோயிலுக்குப் போய்ச் சாமி காலடியில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள்.

அன்று அண்ணாச்சி பேப்பர் வாங்க வெளியே போயிருந்தார். ஒரு அம்மாவும் அவள் கணவரும் மகளின் பத்திரிகைக்காக வந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பிச்சிப்பூ. அண்ணாச்சி போனை எடுக்கவில்லை.

“கொஞ்சம் இருங்க, வந்துருவாவ” என்றேன்.

“நல்ல நேரம் முடிஞ்சிரும்மா. நீயே எடுத்துக் குடு. நீயும் கன்னிப் பிள்ளைதானே, உன் கையால வாங்குனா நல்லதுதான்” என்றாள் அந்த அம்மா.

கட்டுக்கு மஞ்சள் தடவினேன். தாம்பாளத்தில் வைத்தேன். அடியில் ரப்பர் கையைக் கொடுத்து, பாரத்தை இடது கையில் தாங்கி, இரண்டு கையாலும் நீட்டினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள். நான் மூச்சு விட்டேன். அதோடு போயிருக்கலாம்.

மேலாக இருந்த பத்திரிகையைப் பிரித்து மகள் பெயரைத் தடவிப் பார்த்தாள். முகமெல்லாம் பூரிப்பு. உடனே தாம்பாளத்திலிருந்து ரெண்டு வெற்றிலையும் பாக்கும் ஒரு துண்டு பூவும் எடுத்து, “உனக்கும் சீக்கிரம் அமையட்டும், கையை நீட்டும்மா” என்றாள்.

துப்பட்டாவை விரித்து ஏந்தியிருக்கலாம். முந்தானையில் வாங்குவது மரியாதைதான், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அது எனக்கு மறுநாள்தான் தோன்றியது. இடது கை முன்னால் போனது. கல்யாணத் தாம்பூலத்தை இடது கையால் வாங்குவதா என்று, சின்ன வயதில் அம்மாவிடம் வாங்கிய அடியெல்லாம் சேர்ந்து அதைப் பின்னுக்கு இழுத்தது. வலது கையை நீட்டினேன். அந்த வெளுத்த ரப்பர் கையை.

உள்ளங்கையில் வைத்தாள். வெற்றிலை வழுக்கியது. விழாமல் பிடிக்க அவள் என் விரல்களைச் சேர்த்து மூடப் பார்த்தாள். தொட்டதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். “அய்யோ” என்றாள். பூவும் பாக்கும் தரையில் கிடந்தன. நான் குனியவில்லை. எந்தக் கையால் எடுப்பது என்று தெரியவில்லை. அவள் கணவர்தான் எடுத்துத் தாம்பாளத்தில் போட்டார். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் நான் தடுப்புக்குப் பின்னால் இருக்கும்போது அந்த அம்மா மட்டும் வந்தாள். குரல் நன்றாகக் கேட்டது.

“பிள்ளையைக் குத்தம் சொல்லலை அண்ணாச்சி. பாவம், அது என்ன செய்யும்? ஆனா மனசு கேக்கலை. தாம்பூலம் கீழ விழுந்துட்டு. வேற அடிச்சுத் தந்துருங்க.”

“என்ன மாத்தணும்மா?”

“ஒண்ணும் மாத்தாண்டாம். இதேதான். நீங்க உங்க கையால எடுத்துத் தாங்க.”

சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திருப்பிக் கத்தியிருப்பேன். அவள் என்னைப் பாவம் என்றாள்.

அண்ணாச்சி உள்ளே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் அச்சு மிஷினைத் துடைத்தார். வேலை போனால் அப்பா சொன்னது அப்பா சொன்னதுதான், அடுத்த பஸ்ஸில் ஊர். “தாயி, இனிமே நீ முன்னால வராண்டாம். உள்ளயே இருந்து...” என்று தொடங்கினார்.

“சரி அண்ணாச்சி” என்றேன். அவர் முடிக்கக்கூட விடவில்லை. அவ்வளவு அவசரமாக நான் எதற்கும் சரி சொன்னதில்லை. உள்ளே இருப்பதற்கு ரப்பர் கை தேவையில்லை, அதைப் பெட்டியிலேயே போட்டுவிடலாம் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. அந்தச் சந்தோஷம் வந்ததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது. எல்லாம் ஒரே நேரத்தில்.

கம்ப்யூட்டரில் அதே பத்திரிகையைத் திறந்தேன். எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தேன், எங்கேயாவது ஒரு பிழை கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று. கிடைக்கவில்லை. முதலில் அடித்ததை அப்படியே மறுபடி அச்சுக்குக் கொடுத்தேன்.

நல்ல நேரத்தில் அவர்கள் வந்தார்கள். நான் தடுப்புக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி மஞ்சள் தடவி, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்திருப்பார். “இப்பதான் அண்ணாச்சி மனசு நெறஞ்சிருக்கு” என்றாள் அந்த அம்மா. மனதாரத்தான் சொன்னாள்.

எனக்கு வேலை நிலைத்தது. காலேஜும் நிலைத்தது. அந்தக் கல்யாணமும் நல்லபடியாகவே நடந்திருக்கும், நடக்கட்டும். சாமி காலடியில் வைத்ததும் சரி, ஊர்க்காரர்களுக்குக் கொடுத்ததும் சரி, எல்லாப் பத்திரிகையையும் என் மொட்டைக் கையால் அழுத்திப் பிடித்துத்தான் மடித்திருந்தேன்.