தட்டு மட்டும் போய்வந்த மண்டபம்

கோரலி டன்ஸ்டன் எதையும் லேசில் தூக்கிப் போடுகிறவள் இல்லை. பரிசுப் பொட்டலத்து நாடா, ஜாம் பாட்டில், உடைந்த கெண்டியின் மூடி, எல்லாம் அவள் வீட்டில் பத்திரமாக இருக்கும். ஊரின் பொதுக்கூடமான வாரிங்கா நினைவு மண்டபத்துக்கு அவள் பொருளாளராகி இருபத்தாறு வருஷம் ஆகிறது. அத்தனை வருஷத்தில் மண்டபம் யாரிடமும் கைநீட்டிக் கடன் வாங்கியதில்லை. நாலு தானியக் குதிரும் ஒரு மதுக்கடையும் முந்நூறு சொச்சம் ஜனமும் இருக்கிற ஊரில் இது சும்மா வந்துவிடுகிற காரியமா?

பிறந்தது அந்த ஊர். தபால் நிலையத்தை மூடும்வரை வேலை பார்த்தது அந்த ஊர். கட்டிக்கொண்ட ஆர்ச்சியும் அந்த ஊர்த் தச்சன்தான். அவன் போய் ஆறு வருஷமாகிறது. பிள்ளைகள் இல்லை. அதனால் அவளுக்கு மண்டபம்தான் வீடு, வீடு சும்மா தூங்குகிற இடம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கேலி என்றாலும் அதில் பொய் இல்லை.

மண்டபத்தில் விருந்து என்றால் ஆளுக்கொரு தட்டு நிறையத் தின்பண்டம் கொண்டு வர வேண்டும், அதுதான் அங்கே முறை. தட்டின் அடியில் சொந்தக்காரர் பெயரை எழுதிய பிளாஸ்திரித் துண்டு ஒட்டியிருக்கும். விருந்து முடிந்ததும் கோரலி எல்லாவற்றையும் கழுவி, மறந்து விட்டுப்போனவர்களின் தட்டுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அப்படித் தவறாமல் அவள் கொண்டுபோகிற தட்டு ஒன்று இருந்தது. பள்ளித் தோழி நரெலின் நீலப் பூப்போட்ட தட்டு. நரெலின் ஸ்பாஞ்ச் கேக் இல்லாமல் வாரிங்காவில் எந்த விசேஷமும் நடக்காது. ஆனால் முதுகுத்தண்டில் வந்த நோயால் கால் விழுந்து, சக்கர நாற்காலிக்கு வந்தபிறகு சில தடவைதான் வந்தாள்; இப்போது இரண்டு வருஷமாக நரெல்தான் மண்டபத்துக்கு வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி கையில் தட்டு வரும். கோரலி கையில் தட்டு திரும்பும்.

இந்த நிலைமையில்தான் மண்டபத்தின் கூரையையும் சமையலறையையும் புதுப்பிக்க அரசாங்கப் பணம் கிடைத்தது. கோரலிக்குத் தலைகால் புரியவில்லை. பழைய அடுப்பின் கதவு நிற்காது. துடைப்பக்கட்டையை முட்டுக் கொடுத்துத்தான் அத்தனை வருஷமும் கேக் சுட்டிருக்கிறாள். புது அடுப்பின் படத்தை வெட்டிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள். அப்போது பார்த்து வந்து நின்றாள் கட்டட ஆய்வாளர்.

இளம்பெண், நல்ல மாதிரிதான். சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இவ்வளவு வேலை செய்யறீங்கன்னா, எல்லாரும் உள்ள வர்ற மாதிரி வழியும் இருக்கணும் கோரலி. பழைய கட்டடம்னு அப்படியே விட்டுர முடியாது."

முன்வாசலுக்கு ஐந்து கல்படி. படியின் இருபுறச் சுவரிலும் போரில் செத்த ஊர்ப் பையன்களின் பெயர்கள். அங்கே சரிவுப் பாதை போட்டால் கோதுமை லாரி நீளத்துக்கு வளைந்து வளைந்து போகும், பெயர்களையும் மறைக்கும். செலவோ கூரையும் சமையலறையும் சேர்ந்த செலவு. மேலே ஏற்றுகிற இயந்திரம் வைக்கலாம் என்றால், அந்த ஊர்ப் புழுதிக்கு அது ஒரு கோடை தாங்காது. பின்பக்கச் சமையலறைக் கதவு மலிவு. ஆனால் மூன்று படியையும் குப்பைத்தொட்டி வரிசையையும் கடந்து, எச்சில் பாத்திரங்களுக்கு நடுவே உள்ளே வர வேண்டும்.

"வேற கதவே கிடையாதா?" என்று கேட்டாள் ஆய்வாளர்.

"கிடையாது" என்றாள் கோரலி.

"அப்படின்னா, செலவு தாங்கவே முடியாதுன்னு காட்டி விலக்கு கேட்டுப் பாருங்க. வியாழக்கிழமை திரும்ப வரேன்."

அன்று மாலையே கமிட்டி கூடியது. தலைவர் ட்ரெவ், ஆறடி உயரம், எருதுக் கழுத்து, நல்ல மனசு, நிறுத்தத் தெரியாத வாய். மேசையைத் தட்டினான்.

"எதுக்கு இந்த வம்பெல்லாம்? நாங்க நாலு பேர் இருக்கோமே! நாற்காலியோட நரெலை அலாக்கா தூக்கிட்டுப் போறோம், ராணி மாதிரி. நம்ம ஊர்ல யாரையாவது வாசல்ல விட்டுட்டு உள்ள போயிருக்கோமா?"

எல்லாரும் கைதட்டினார்கள். அவன் சொன்னது வெறும் பேச்சில்லை. ஒருத்தன் படுத்துவிட்டால் ஊரே போய் அவன் கோதுமையை அறுத்துக் கொடுக்கும், பெருமையும் பட்டுக்கொள்ளும். தங்கள் தோளே போதும் என்று நினைத்துவிடுவதும் அந்தப் பெருமையில் வருவதுதான்.

"நரெலே வந்து, தனக்கு ஒரு சிரமமும் இல்லன்னு அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொன்னா நல்லாருக்கும்" என்றாள் கோரலி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தக் கமிட்டியில் யார் வாயைத் திறக்கிறார்களோ வேலை அவர்கள் தலையில்தான்.

"பிரமாதம்! கோரலியே போய்ச் சொல்லிட்டு வரட்டும்" என்று தீர்மானமாகிவிட்டது.

மறுநாள் காலை நீலத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

"வாடி பொருளாளரம்மா" என்றாள் நரெல். "தட்டு மட்டுந்தானா, இல்ல வசூலும் உண்டா?"

"வசூல்தான்னு வச்சுக்கோயேன்." கோரலி விஷயத்தைச் சொன்னாள்.

நரெல் கெண்டியில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். அவசரப்படவில்லை.

"ஆக, நாலு தடியனுங்க என்னைத் தூக்குறது எனக்குச் சௌகரியமா இருக்குன்னு நான் சொல்லணும்."

"சௌகரியம்னு இல்லடி. சிரமம் இல்லன்னு."

"ட்ரெவுக்குச் சிரமம் இல்ல. அவனுக்கு அது திருவிழா." நரெல் திரும்பினாள். "கடைசியா அறுவடை டான்ஸுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கா? அன்னிக்குக் காலையிலேருந்து ஒரு வாய் டீ குடிக்கல. ஏன்னு கேளு."

"ஏன்?"

"பின்னாடி இருக்கிற கக்கூஸுக்கு ரெண்டு படி இறங்கணும். அதுக்கும் நாலு பேரைக் கூப்பிடவா?"

கோரலிக்குச் சுருக்கென்றது.

"வந்த கொஞ்ச நேரத்துல மண்டையைப் பிளக்குது தலைவலி. வீட்டுக்குப் போகணும். ட்ரெவ் மைக்கைப் பிடிச்சுட்டான். என்னைத் தூக்குறவனே அவன், அவனைப் போய் நிறுத்துடான்னு எப்படிச் சொல்றது? அவன் முடிச்சா குலுக்கல் பரிசு, அது முடிஞ்சா தூக்குற மத்த மூணு பேரும் பீர் கையோட எங்கயோ காணோம். வர்றவங்க போறவங்கள்லாம் நல்லாருக்கியா நரெல்னு கன்னத்தைத் தட்டுறாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்ண?"

"சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்டடி? நன்றி சொல்லிச் சொல்லியே வாய் வலிச்சுப் போச்சு எனக்கு. உள்ள போறது பெரிசில்ல கோரலி, கொண்டுபோய்ப் போட்டுருவாங்க. நெனச்சப்ப வெளிய வரணும். அது முடியலன்னா அது என்ன விருந்து? என் தட்டு போகுது, வருது. தட்டுக்கு இருக்கிற யோகம்கூட எனக்கு இல்ல."

கோரலிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "எங்கேருந்துடி வரும் பணம்? முன்வாசல்ல பாதை போட்டா கூரைக்குக் காசு இல்ல. ஒழுகுற மண்டபத்துல வந்து என்ன, குடை பிடிச்சு ஆடப்போறியா?"

"முன்வாசலை யாரு கேட்டா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? பக்கச் சுவர்ல, அந்தப் பெரிய மிளகு மரத்து நிழல் பக்கம் ஒரு கதவு இருந்துச்சே, டான்ஸ் நடுவுல சிகரெட்டுக்கு நழுவுவோமே! அந்தப் பக்கம் தரை மேடு. ஒரே ஒரு படி."



கதவு இருந்தது. இப்போதும் இருக்கிறது. வெளிப்பக்கம் தகரம் அடித்திருக்கிறது; உள்பக்கம் அதை மறைத்துக்கொண்டு ஆர்ச்சி கட்டிய தட்டு அலமாரி நிற்கிறது. வடகாற்று அந்தக் கதவிடுக்கில் புழுதியை வாரிக்கொண்டு வருகிறது என்று அவள் புலம்பியதால், ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செம்மரத்தில் அவளுக்காகக் கட்டினான். அதன்பின் அவள் கண்ணுக்கு அது கதவே இல்லை, அலமாரி. ஆய்வாளரிடம் கிடையாது என்றபோது அவள் மனசறிந்து பொய் சொல்லவில்லை.

"அலமாரி இருக்கேடி" என்றாள் கோரலி.

"தெரியும். ஆர்ச்சி செஞ்சது." நரெல் தட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். "அதான் ரெண்டு வருஷமா வாயைத் திறக்கல."

கோரலி டீயைக் குடிக்காமலே எழுந்து போனாள்.

மண்டபத்தில் யாரும் இல்லை. அலமாரியிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். காலியானதும் பின்பலகையை விரலால் தட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் வெறுமையாகக் கேட்டது. அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்பதால், சத்தம் போட்டே அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு ட்ரெவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"கடப்பாரையோட வா. எதுக்குன்னு கேக்காத."

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தபோது கதவு திறந்திருந்தது. வாசல் கொஞ்சம் அகலமாக வேண்டும், வெளியே சின்னச் சரிவு ஒன்று போட வேண்டும், அவ்வளவுதான் என்றாள். முன்வாசல் செலவில் அது கால்வாசிகூட வராது. ஆனால் கதவோடு முடியவில்லையே. நாற்காலிகள் அடுக்கும் அறையைச் சக்கர நாற்காலி திரும்புகிற கழிவறையாக மாற்ற வேண்டும். குழாய், வடிகால், கைப்பிடி எல்லாம் சேர்த்தால் பணம் எட்டவில்லை.

"கழிவறை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான் ட்ரெவ், அன்றைய கமிட்டிக் கூட்டத்தில்.

"அடுப்பு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள் கோரலி.

சமையலறைப் பெண்கள் பொங்கிவிட்டார்கள். அவளே பாதி வாழ்நாள் காத்திருந்த அடுப்பு அது! கோரலி அசையவில்லை. "துடைப்பக்கட்டை இருக்குல்ல? இத்தனை வருஷம் நின்னுச்சு, இன்னும் நிக்கும். அவ டீ குடிக்காம வரணுமா?"

ட்ரெவுக்கு வேறு வருத்தம். கூட்டம் கலைந்தபின் அவளிடம் வந்து நின்றான். "அப்போ, நாங்க தூக்கினதெல்லாம் தப்பா?"

"நல்லாத்தான் தூக்கினீங்க ட்ரெவ். இறக்கி விடுங்கன்னு அவ கேக்க வேண்டியிருந்துச்சு, அதான்."

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். வார இறுதியில் முதல் ஆளாக வந்து சிமெண்ட் கலந்தவனும் அவன்தான். அலமாரி வேறு எந்தச் சுவருக்கும் முழுசாகப் பொருந்தவில்லை. இரண்டாக அறுக்க வேண்டியிருந்தது. கோரலி அந்த நேரம் பார்த்து எல்லாருக்கும் சாண்ட்விச் வாங்கப் போய்விட்டாள்.

திறப்புவிழா ஒரு சனிக்கிழமை மதியம். முன்வாசலில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஆனால் வண்டிகளை மிளகு மரத்துப் பக்கம்தான் நிறுத்துவார்கள். கையில் தட்டோடு வந்தவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தவர்கள், முழங்கால் போனவர்கள் எல்லாரும் பக்கக் கதவு வழியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ரிப்பனை வெட்டியபோது வெளியே நின்றவர்கள் நாலே பேர்.

நரெல் மடியில் ஸ்பாஞ்ச் கேக்கை வைத்துக்கொண்டு, தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு கோப்பை டீ குடித்தாள். மூன்றாவதும் கேட்டாள். கழிவறைக்கும் போய்வந்து, "குழாய் தண்ணி ஐஸ் மாதிரி இருக்குடி, சுடுதண்ணிக்குக் காசு மிச்சம் பிடிச்சுட்டியா?" என்று வம்பிழுத்தாள். கோரலிக்கு மனசு நிறைந்து போயிற்று.

ட்ரெவ் மைக்கைப் பிடித்தான். ஊரின் ஒற்றுமை, முன்னோர், மழை, மறுபடியும் ஒற்றுமை என்று போய்க்கொண்டே இருந்தது. எழுந்து போனால் மரியாதை இல்லை என்று ஜனம் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் அவன் குரல் தழுதழுத்தது. "இன்னிக்கு இந்தச் சந்தோஷத்துக்கே காரணம், அதோ உக்காந்திருக்காங்களே, நம்ம நரெல்!"

எல்லாரும் திரும்பினார்கள். நரெல் உட்கார்ந்திருந்த ஜன்னலோரம் காலியாக இருந்தது.

கோரலி எழுந்தாள். விழுந்து கிழுந்து வைத்தாளோ என்று கழிவறைக்கு ஓடினாள், இல்லை. பக்கக் கதவுக்கு வந்தாள். மரத்தடிப் புழுதியில் இரண்டு சக்கரத் தடம், சாலையைத் தாண்டி நரெலின் வீட்டுப் பக்கம் நேராகப் போயிருந்தது.

போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இவளுக்காக அலமாரியை அறுத்தேன், அடுப்பை விட்டேன்! சாலையைப் பார்த்து முறைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே ட்ரெவ் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அது காதில் விழ விழ அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் முட்டியது.

பேச்சு ஒருவழியாக முடிந்ததும் ட்ரெவ் பதறிக்கொண்டு வந்தான். "நரெல் எங்க? யார் கொண்டுபோய் விட்டாங்க?"

"யாரும் இல்ல. அவளே போயிட்டா."

மாலையில் கழுவ வந்த பாத்திரங்களுக்கு நடுவே நீலப் பூத்தட்டும் இருந்தது. கோரலி வழக்கம்போலக் கழுவித் துடைத்து, பைக்குள் வைக்கப் போனாள். என்ன நினைத்தாளோ, வெளியே எடுத்து, ஆர்ச்சியின் பாதி அலமாரியில், உட்கார்ந்தே கை எட்டுகிற அடுக்கில் வைத்தாள். வேண்டுமென்றால் அவளே வந்து எடுத்துக்கொள்ளட்டும்.