மலை இல்லாத இடம்

என் வீட்டுக்காரர் தாம்பரத்தில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிவியில் கானமயில் என்கிற பறவையைப் பார்த்துவிட்டு, அது இருக்கும் ராஜஸ்தான் பாலைவனத் தேசியப் பூங்காவுக்குப் பனி முடிகிற மாசியில் போயே ஆகவேண்டும் என்று நின்றார். பல்லாவரம் சந்தையில் இரண்டு சுவெட்டரும் வாங்கி வந்தார்.

“பாலைவனத்துக்கு எதுக்குய்யா சுவெட்டர்?” என்று சிரித்தேன்.

“ராத்திரியில குளிருமாம். போனா தெரியும் உனக்கு.”

அதற்குள், தை மாதமே அவர் தவறிவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

காரியம் முடிந்ததும் பெட்டியை அடுக்கினேன். கொழுந்தன் கத்தினார்.

“இன்னா அண்ணி, சாவு வூட்டுலேர்ந்து டூரா? வருசம் திரும்பாம மலை ஏறக் கூடாது. திருநீர்மலைக்கே போவக் கூடாது, தெரியுமில்ல?”

“அங்க மலையே இல்ல தம்பி. வெறும் மணலுதான் கீதாம். வேணும்னா நீயும் வா, சுவெட்டர் ஒண்ணு மிச்சம் கீது.”

மகளோடு கிளம்பினேன்.

கானமயில் எங்கள் கண்ணில் படவில்லை. சாயங்காலம் ஜீப்காரர் ஒரு மணல் மேட்டைக் காட்டி, மேலே ஏறினால் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம் என்றார். எனக்கு அது மலையாகத்தான் தெரிந்தது. மகள் ஏறினாள். கொழுந்தனிடம் சொன்ன சொல்லுக்காக நான் கீழேயே நின்றுகொண்டேன்.

வெயில் போனதும் குளிர் பிடித்தது. இத்தனை நாளில் என் உடம்புக்கு ஒன்று உறைத்தது அப்போதுதான். என் சுவெட்டருக்கு மேல் அவருடையதையும் மாட்டிக்கொண்டேன். கை நீளமாகத் தொங்கியது. அதை மடித்துவிட மனம் வரவில்லை.

“குளிருதுய்யா,” என்றேன்.