தோயோமி வீட்டுப் புகைக்குழாய்

தோயோமிக்குக் கன்றுகள் வளர்ப்பதுதான் வேலை. ஹொக்கைடோவின் கிழக்கு ஓரத்தில், கடல்மூட்டம் மேய்ச்சல் நிலம்வரை ஏறி வரும் ஊரில், முப்பத்தைந்து வருடமாக அதைச் செய்கிறார். அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் பிறக்கும் கன்றுகள் அவர் கொட்டகைக்கு வரும், புட்டிப்பால் குடித்துத் தேறியதும் திரும்பிப் போகும்.

அந்த வசந்தத்தில் கணவர் கன்கிச்சியைப் பக்கவாதம் தாக்கியது. குளிர் ஏறினால் அவருடைய இடப்பக்கம் முழுதும் மரத்துப்போய்விடும். சப்போரோவில் இருக்கும் மகன் நவோதோ கறாராகச் சொல்லிவிட்டான். நவம்பர் முதல் ஞாயிறு வருவானாம். வீடு சூடாக இல்லையென்றால் இரண்டு பேரையும் தன் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவானாம். பதினொரு கன்றுகளை ஐந்தாம் மாடியில் எங்கே கட்டுவது என்று தோயோமி கேட்டார்.

பழைய தகர அடுப்பை நம்பிப் பயனில்லை என்று தோயோமி ஒரு வார்ப்பிரும்பு விறகடுப்பு வாங்கினார். நான்கு பேர் மூச்சுமுட்டத் தூக்கி வந்து வைத்தார்கள். அதன் புகைவாய் பதினைந்து சென்டிமீட்டர். ஆனால் குழாய் வெளியேற வேண்டிய துளைக்கல் தகர அடுப்புக் காலத்தில் மாமனார் சுவரில் பதித்தது. அதன் துளை பதினொன்றுகூட இல்லை. கல்லில் கை வைக்கக் கூடாதென்று கன்கிச்சி பிடிவாதம் பிடித்ததால், குழாயைக் கல்லுக்கேற்பக் குறுக்கி மாட்டினார்கள். அந்த ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

அடுப்பு எரிந்தது. ஆனால் விறகு போடக் கதவைத் திறந்த ஒவ்வொரு முறையும் புகை அறைக்குள் புரண்டு வந்தது. கன்கிச்சி இருமி இருமிக் கண் சிவந்தார். சன்னலைத் திறந்தால் புகையோடு சூடும் போயிற்று. ஞாயிற்றுக்கு இன்னும் ஒன்பது நாள்.

மூடிப்போன பொதுக்குளியல் கூடத்தின் சொந்தக்காரர் ஒனோதேரா புகையைப் பார்த்துவிட்டு வந்தார். சுவரை இடித்துப் பெரிய ஓட்டையாகப் போடச் சொன்னார். தன் கூடத்தில் கிடக்கும் இருபத்தைந்து சென்டிமீட்டர் குழாயைச் சும்மாவே தருகிறேன் என்றார்.

"வழி அகலமா இருந்தா புகை ஓடாம என்னக்கா பண்ணும்?" என்றார்.

தோயோமிக்கும் அது சரியாகத்தான் பட்டது. மறுநாள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, கன்றுகளுக்குப் பால் கொடுக்கப் போனார். புதிதாக வந்த கன்று புட்டியை முட்டி முட்டிக் களைத்தது, பால் இறங்கவில்லை. ரப்பர் காம்பின் துளை சின்னது. அவசரத்தில் வேறொரு காம்பை மாட்டினார். அதன் துளை கிழிந்து அகன்றிருந்தது. பால் கொட்டிக் கன்று புரையேறித் திணறியது. மூன்றாவதாக அதன் வாய்க்கு ஏற்ற காம்பைத் தேடி மாட்டியதும் கன்று கண்ணை மூடிக்கொண்டு ஒரே சீராக இழுத்தது. தோயோமி காலிப் புட்டியின் காம்புத் துளையை விரல்நுனியால் அளந்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கணவர் எதிரே உட்கார்ந்தார்.

"இந்தக் கல்லும் வேணாம், ஒனோதேரா குழாயும் வேணாங்க. அகலக் குழாயில புகை சோம்பேறியா நின்னு ஆறிப்போகும், உள்ள தார் கட்டும். அடுப்போட வாய் பதினஞ்சு. மேல வரைக்கும் பதினஞ்சேதான் போகணும்."

"அது எங்கப்பா வெச்ச கல்லுடி."

"அவர் அடுப்புக்கு அவர் சரியா அளந்துதான் வெச்சார். நம்ம அடுப்புக்கு நாம அளக்க வேணாமா?"

கன்கிச்சி வலக்கையை நீட்டிச் சுத்தியலைக் கேட்டார். "மொத அடி நான் போடுறேன். அப்பா கோவிச்சுக்கிட்டா எங்கிட்டயே கோவிச்சுக்கட்டும்."

கல் அன்றைக்கே கழன்றது. அகலத் துளையுள்ள புதுக்கல் பதித்து, பதினைந்து சென்டிமீட்டர் குழாயைக் கூரைக்கு மேல்வரை நேராக ஏற்ற ஆறு நாள் ஆயிற்று. தீ மூட்டியதும் தோயோமி பயந்தபடியே கதவைத் திறந்தார். புகை உள்ளே திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஞாயிறு நவோதோ, அவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு போக, ஒரு கட்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தான். உள்ளே வந்து சட்டைமேல் சட்டையாகக் கழற்றினான். கடைசியில் பனியனோடு உட்கார்ந்து, அடுப்பின் மேல் வெந்த உருளைக்கிழங்கில் வெண்ணெய் தடவித் தின்றான். அவன் கிளம்பும்போது கன்கிச்சி ஒற்றைக் கையால் அந்தப் பெட்டிகளில் விறகுச் சுள்ளி அடுக்கிக்கொண்டிருந்தார்.