ஓர்ப்படி வண்டியின் பளிச் வெளிச்சம்

நானும் என் ஓர்ப்படி ஸ்டெல்லாவும் ஒரே நாளில் ஒரே மாதிரி ஸ்கூட்டர் வாங்கினோம். தை மாதப் பனியில் என் வண்டியின் ஹெட்லைட் கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து மங்கிவிடும். அதிகாலைப் பூசைக்கு என்னோடு சேர்ந்து போக, பக்கத்து ஊரிலிருந்து வருவாள் ஸ்டெல்லா. அவள் லைட் மட்டும் பளிச்சென்று இருக்கும். எனக்கு வயிறு எரியும்.

லைட்டுக்குப் பின்னால் இருந்த சின்னத் துளை வழியாகத்தான் ஈரம் உள்ளே போகிறது என்று நானே முடிவுகட்டி, பசை வைத்து அடைத்தேன். ஆவி போகவில்லை, தண்ணீராகவே தேங்கியது.

மறுநாள் அவள் வெளிச்சத்துக்குப் பின்னால் போக மனசு வராமல் முந்திக்கொண்டு போனேன். வாய்க்கால் பாலம் தாண்டியதும் பல்பு 'டப்'பென்று போய்விட்டது. பிரேக் பிடிப்பதற்குள், ரோட்டில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த நெல் குவியலில் வண்டியோடு விழுந்தேன். பக்கத்திலேயே தார்ப்பாய்க்குப் பாரமாக வைத்த கருங்கல். அதில் விழுந்திருந்தால் மண்டை உடைந்திருக்கும்.

ஸ்டெல்லாதான் ஓடிவந்து தூக்கினாள். செல்போன் வெளிச்சத்தில் லைட்டின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, காத்து போற ஓட்டையை அடைச்சு வச்சிருக்கீங்க? ஆவி எப்படி வெளியே போகும்?" என்றாள்.

"உன் வண்டியில ஆவியே வர்றதில்லையே!"

"யார் சொன்னா? தினமும் வரும். உங்க வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள லைட் சூட்டுல போயிடும்."

ஓடிச் சூடாகி வந்த அவள் வண்டியைப் பார்த்து, வாசலில் நின்ற என் வண்டிக்காக இத்தனை நாள் வெந்திருக்கிறேன்!

துளையைத் திறந்து, பல்பை மாற்றிவிட்டேன். லேசான ஆவியை இப்போது கண்டுகொள்வதில்லை. தண்ணீர் தேங்கினால் மெக்கானிக்கிடம் காட்டுகிறேன். பூசைக்குப் போகும்போது அவளை முன்னே விடுகிறேன். அவள் வண்டியில் இன்னும் ஒரு கீறல்கூட இல்லை. பின்னாலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரிகிறது.

– மேரி, பூதலூர்