பூட்டத் தெரிந்த பிள்ளை

குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தபோது என் கணவர், எங்கள் மூன்று வயது மகனுக்குக் கார் சாவியில் பூட்டும் பட்டனை அழுத்தக் கற்றுக்கொடுத்தார். விருந்தாளிகள் வந்தால் அவனை அழுத்திக் காட்டச் சொல்வார்; எல்லோரும் கைதட்டுவார்கள். திறக்கும் பட்டனை மட்டும் யாரும் காட்டவில்லை.

போன வாரம் விருத்தாசலத்தில் பீங்கான் ஜாடிகள் வாங்கினேன். அவற்றை டிக்கியில் வைக்கும்வரை அழாமல் இருக்கட்டும் என்று அவனை முன்சீட்டில் உட்காரவைத்துச் சாவியையும் கொடுத்துத் தொலைத்தேன். டிக்கியை மூடியதும் அழுத்திவிட்டான். மத்தியான வெயில். கடைக்காரரும் நானும் கண்ணாடியைத் தட்ட, கைதட்டுகிறோம் என்று நினைத்து மறுபடியும் அழுத்திச் சிரித்தான்.

கணவருக்கு வீடியோ கால் போட்டேன்.

"புள்ள கையில சாவிய ஏன் குடுத்த?" என்றார்.

"பூட்டக் கத்துக்குடுத்தது நீங்கதானங்க. இப்ப தொறக்கச் சொல்லுங்க" என்று போனைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன்.

திரையில் தன் அத்தாவின் முகத்தைப் பார்த்ததும் போனை வாங்கும் அவசரத்தில் உள்கைப்பிடியை இழுத்தான். பூட்டியிருந்தாலும் உள்ளிருந்து இழுத்தால் திறக்கும் கதவு; திறந்துகொண்டது. வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தான்.

இப்போதெல்லாம் சாமானை ஏற்றிய பிறகுதான் அவனை ஏற்றுகிறேன். சாவி என் கையை விட்டுப் போவதில்லை. அடுத்த லீவுக்கு வருகிறவரிடமும் தருவதாக இல்லை.